ஆத்தங்குடிக் கல்லில் பத்தடி

கானாடுகாத்தானில் ஹோட்டலாக மாறிய பழைய வீடு அது. பந்தி நடக்கும் கூடத்தில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. ஓரத்தில் சிவப்புக் கரை ஒன்று நேராக ஓடும். அந்தக் கரையின் மேல் என்னை நடக்கவைத்த மேனேஜரை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

அப்போது எனக்கு இருபத்துநாலு வயது, அங்கே பரிமாறுகிற வேலை. ஒரு மதியம் பந்தி நடுவில் என் கண்ணுக்குள் ரம்பப் பல்லாக வெளிச்சம் ஓடியது. விருந்தாளியின் இலையில் ஒரு பாதி தெரியவே இல்லை. கூட்டு, பொரியல், மண்டி எல்லாவற்றையும் மறுபாதியிலேயே குவித்துவிட்டேன். என்ன வேண்டும் என்று கேட்கப் போனால் நாக்குக் குழறியது. மேனேஜர் வந்து, "ஊதுடா" என்றார். ஊதினேன். வாடை இல்லை. அது அவருக்குப் போதவில்லை. "இந்தக் கரை மேல குதிகாலையும் விரலையும் ஒட்டி ஒட்டி வச்சுப் பத்தடி நட, பாப்போம்" என்றார். நாலாவது அடியில் சாய்ந்தேன். "பட்டப்பகல்லயே போட்டுட்டு வந்திருக்கான்" என்று பந்தி முழுக்கக் கேட்கும்படி சொன்னார். பிறகு தலைவலி பிளந்து கொல்லையில் வாந்தி எடுத்ததும் அவருக்குச் சாட்சியாகிப் போனது. வேலை போயிற்று. அந்த வாரமே, எனக்குப் பெண் தருவதாக இருந்த நாச்சியாபுரத்து மாமா, குடிகாரனுக்குப் பெண் இல்லை என்று சொல்லியனுப்பினார். நான் அதுவரை கள்ளைக்கூடத் தொட்டதில்லை.

பல வருஷம் கழித்து மதுரையில் நரம்பு டாக்டர் ஒருவர் அதே மாதிரி நடக்கச் சொன்னார். அதே சாய்வு. "மைக்ரேன் இருக்கிற சிலருக்கு, வலி இல்லாத நாள்லயும் இந்தச் சின்னத் தள்ளாட்டம் இருக்கும். உத்துப் பாத்தாத்தான் தெரியும்" என்றார். மேனேஜரும் உற்றுத்தான் பார்த்தார். இவர் மாத்திரை எழுதினார். அவர் என் பிழைப்பில் மண்ணைப் போட்டார்.

போன மாசம் காரைக்குடியில் என் மெஸ்ஸுக்கு அந்த மேனேஜரே வந்தார், மனைவியோடு. மகளுக்குக் கண்ணில் வெளிச்சம் பறந்து தலை வலிக்கிறதாம். நடிக்கிறாள் என்று காலேஜில் சொல்கிறார்களாம். "உங்களுக்கும் இதுதான்னு சொன்னாக. எந்த டாக்டர்கிட்டப் போனீக தம்பி?" என்றார். பழையதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. டாக்டர் பெயரை மட்டும் சொல்லி அனுப்பியிருக்கலாம். நானே கூட்டிப்போகிறேன் என்றேன். நல்ல மனசு என்று அவர் மனைவி கையெடுத்துக் கும்பிட்டார். நல்ல மனசெல்லாம் இல்லை. டாக்டர் அறையில் மேனேஜர் இருக்கும்போது நானும் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

டாக்டர் அந்தப் பெண்ணைத் தரைக்கோட்டின் மேல் நடக்கச் சொன்னார். ஐந்தாவது அடியில் சாய்ந்து சுவரைப் பிடித்தாள். அந்தப் பிள்ளை மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. நான் அவளைப் பார்க்கவில்லை. அவள் அப்பா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. குனிந்து, அவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன்:

"ஊதச் சொல்லிப் பாருங்க சார்."