விற்காத கடலை

நாகராசு தினமும் கீரனூரிலிருந்து பஸ் பிடித்துப் புதுக்கோட்டைக்கு வருவார். அங்கே ஒரு கல்லூரியில், பொருளியல் துறையில் பதினோரு வருடமாகக் கௌரவ விரிவுரையாளர். விடைத்தாள் திருத்தும் வேகத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. திருத்தும் முகாம்களில் பக்கத்து மேசைப் பேனாக்களைப் பார்த்துத் தானாகப் பழகிய வேகம் அது. அடிக்கோடிட்ட தலைப்புகளை எண்ண வேண்டும், படம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், பக்கத்தைத் திருப்ப வேண்டும். அவ்வளவுதான்.

அகமதிப்பீட்டில் இருபத்தைந்துக்குப் பத்து எடுக்காவிட்டால் அந்தத் தாள் அரியர். ஆலங்குடி மாணவி சத்யாவுக்கு ஒன்பது வந்திருந்தது. தாளைக் கொடுத்த அன்று அவள் மேசைக்கு வந்தாள்.

"சார், அளிப்பு விதி தப்பா எழுதிட்டேனா? பத்துக்கு ரெண்டுதான் போட்டிருக்கீங்க."

"ஹெட்டிங்கே இல்லையேம்மா."

"உள்ள எழுதிருக்கேனே சார்."

பின்பெஞ்சிலிருந்து கலைமதி குரல் கொடுத்தாள். "கடலை வித்த கதைக்கு ஹெட்டிங் எங்கிட்டுடி போடுவ?"

"விக்காத கதைடி அது." திரும்பிச் சொல்லிவிட்டு, சத்யா குரலைத் தாழ்த்தினாள். "அரியர் வச்சா எங்கப்பா படிச்சது போதும்னுருவாரு சார்."

நாகராசு தாளை வாங்கிக்கொண்டு துறை அறைக்குப் போய், முதல்முறையாக வரிவரியாகப் படித்தார். கடலை விலை ஏறியபோது அவள் அப்பா மூட்டைகளை விற்கவில்லை. இன்னும் ஏறும் என்று வைத்திருந்தார். பக்கத்துக் கடலைக் கொல்லைக்காரருக்குக் காதுகுத்துச் செலவு இருந்ததால் அன்றைக்கே விற்றார். 'விலை ஏறினால் அளிப்பு கூடும் என்பது, காத்திருக்க முடிந்தவருக்குப் பொருந்தாது' என்று முடித்திருந்தாள். அளிப்பு விதியின் விதிவிலக்கு அது. அவர் பாடத்தில் ஒரே வரியாகச் சொல்லிக் கடந்ததை இவள் விளங்கிக்கொண்டிருக்கிறாள். அவள் வரைந்திருந்த வளைந்த அளிப்புக் கோட்டின்மேல் அவருடைய சிவப்பு மைக் குறுக்குக்கோடு கிடந்தது.

இரண்டை அடித்து எட்டு போட்டார்.

தாளைக் கொண்டுபோய்க் காட்டியதும் துறைத்தலைவர் ரகுநாத் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "மார்க் ஏத்துற போர்ட்டல மூடியாச்சுங்க. தெறக்கணும்னா காரணம் எழுதித் தரணும். படிக்காம மார்க் போட்டேன்னா எழுதுவீங்க? ஜூன்ல உங்க வேலை ஆர்டர் ரெனியூவலுக்கு வருது. கூட்டல் தப்புன்னு எழுதுங்க."

நாகராசு அப்படியே எழுதினார். ஒன்பது பதினைந்தானது.

மறுவாரம் வகுப்பு முழுவதும் இருக்கும்போதே சத்யா எழுந்தாள். "கூட்டல்லதான் தப்பாமே சார். அப்ப அந்தக் கடலைப் பதில் ரெண்டு மார்க்குதானுங்களா?"

அறுபது பேர் அவரைப் பார்த்தார்கள்.

"ஆமாம்மா," என்றார். "இனிமே ஹெட்டிங் போட்டு எழுது."

அடுத்த பருவத்தின் முதல் தேர்வில் சத்யாவின் தாளை அவர் மெதுவாகப் படித்தார். பத்து மார்க் கேள்விக்கு ஆறு தலைப்புகள், ஆறும் ஸ்கேல் வைத்து அடிக்கோடிட்டவை. ஒவ்வொரு வாக்கியமும் அவர் கொடுத்த நோட்ஸில் இருந்ததுதான். ஆலங்குடி இல்லை, அப்பா இல்லை, கடலை இல்லை. அவர் முறைப்படி குறைக்க ஒன்றுமில்லை.

பத்துக்குப் பத்து போட்டார். அதற்குமேல் அன்றைக்கு அவரால் ஒரு தாள்கூடத் திருத்த முடியவில்லை.