அத்தை கொடுத்த முட்டை

கடையில் வாங்கும் வெள்ளை முட்டையை இன்குபேட்டரில் எத்தனை நாள் வைத்தாலும் அழுகுமே தவிர கரு பிடிக்காது. சேவலோடு திரிந்த நாட்டுக்கோழியின் முட்டைதான் வேண்டும். குற்றாலத்துக்குப் பக்கத்துக் கல்லூரியில் விலங்கியல் மூன்றாம் ஆண்டு படித்த நாங்கள் எல்லோரும் அதற்கு ஜெயசித்ராவைத்தான் நம்பியிருந்தோம்.

இரண்டாம் ஆண்டு முடிந்த கையோடு அவளைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். மாப்பிள்ளை தளவாய், போலீஸ்காரர். அருவியில் தண்ணீர் கூடினால் குளிக்க வந்தவர்களை விரட்டுவது அவர் வேலை. வீட்டில் அவர் வாயே திறப்பதில்லை. அங்கே எல்லாம் அவருடைய அம்மா முப்பிடாதியம்மாள்தான். மருமகளைப் படிக்க விட்டதைத் தெருவெல்லாம் சொல்லிப் பெருமையடித்தார். கோழி வளர்த்ததும் அவர்தான். பிராக்டிகலுக்கு முட்டை கேட்டால் தவிட்டில் புதைத்துப் பக்குவமாகக் கொடுத்தனுப்புவார். காலேஜ் மிஷினில் குஞ்சு பொரிக்கிறார்கள் என்று அவருக்கு நினைப்பு. ஜெயசித்ராவும் அதைத் திருத்தவில்லை.

கருவியல் என்றால் அவளுக்கு அவ்வளவு பைத்தியம். இரண்டு நாள் சூட்டில் வைத்த முட்டையை இளஞ்சூடான உப்புத்தண்ணீரில் உடைத்து, மஞ்சள் கருவின் மேலிருந்து கருவை வெட்டி எடுக்க வேண்டும். நாங்களெல்லாம் கிழித்துத் தொலைப்போம். அவள் கிழித்ததே இல்லை. கடுகைவிடச் சின்ன இதயம் சிவப்பாகத் துடிப்பதைச் செல்போனில் படம் பிடித்துக்கொள்வாள். அதற்குப் பிறகு மருந்து விட்டால் துடிப்பு நிற்கும். அப்புறம்தான் ஸ்லைடு செய்ய முடியும்.

கல்யாணமான மூன்றாம் மாதம் அவளுக்கு நாள் தள்ளிப்போனது. சந்தோஷம் தாங்காமல் அந்த மடச்சி செல்போனை மாமியாரிடம் நீட்டியிருக்கிறாள்.

“அத்த, இங்கன பாருங்க. நம்ம கோழி முட்டைதான். என் வயித்துல உள்ளதும் இப்பிடித்தான் துடிக்கும்.”

முப்பிடாதியம்மாள் கண்ணெடுக்காமல் பார்த்தாராம். “அந்தக் குஞ்சு இப்பம் எங்கட்டி?”

ஒரு பொய் சொல்லித் தொலைத்திருக்கலாம். மருந்து விட்டதைச் சொல்லிவிட்டாள்.

அடுத்த மாதம் தென்காசியில் ஸ்கேன். திரையில் எந்த இடத்தில் துடிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி அவளுக்குத் தெரிய வேண்டியதில்லை. அந்த இடம் அசையவில்லை. இது யாருடைய தப்பும் இல்லை, நிறையப் பேருக்கு நடக்கிறதுதான் என்றார் டாக்டர்.

வாசலுக்கு வந்ததும் முப்பிடாதியம்மாள் ஆரம்பித்தார். “டாக்டரம்மாவுக்கு என்ன தெரியும்? நீ நிறுத்துன. சாமி இதை நிறுத்திட்டாரு.”

“அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல அத்த” என்று சொல்லிப் புருஷனைப் பார்த்திருக்கிறாள். தளவாய் பைக் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார்.

செமஸ்டர் பிராக்டிகல் வந்தது. பரீட்சைக்குப் போகாதே என்று மாமியார் தடுக்கவில்லை. தடுத்திருந்தால்கூடத் தேவலை. பரீட்சைக்கு மூன்று நாள் முன்பே, கேட்காமலே முட்டைகளைத் தவிட்டில் புதைத்து அவள் கையில் கொடுத்தார்.

“கொண்டு போ. இன்னும் ரெண்டு இருக்கு, கொல்லுததுக்கு.”

பரீட்சையில் என் பக்கத்து மேஜை அவளுக்கு. எப்போதும் போல ஒரு கீறல் இல்லாமல் எடுத்துவிட்டாள். வெளியூரிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் குனிந்து பார்த்து, “நல்லா எடுத்திருக்கே. மருந்தை விடும்மா” என்றார். அவள் மருந்துக்குப் பதில் சொட்டுக்குழாயில் இளஞ்சூடான உப்புத்தண்ணீரை எடுத்து விட்டாள். மறுபடியும் அதையே விட்டாள்.

“சார், இன்னும் துடிக்குது சார்.”

“அதுக்குத்தானம்மா மருந்து.”

அவள் உப்புத்தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தாள். மணி அடித்தது. கண்ணாடிக் கிண்ணத்தை வாங்கி வைத்துவிட்டார்கள். தண்ணீர் ஆறியதும் துடிப்பு தானாக நின்றது. லேப் அட்டெண்டர் அதைத் தொட்டியில் கொட்டிக் கழுவினார். ஸ்லைடு இல்லாததால் அவள் பெயிலானாள். மறுபடி எழுத அந்த வீட்டில் விடவில்லை.

மனசு கேட்காமல் ஒருநாள் பார்க்கப் போனேன். முப்பிடாதியம்மாள் வாசலில் கோழிகளுக்கு நொய் போட்டுக்கொண்டிருந்தார்.

“ஒன் சிநேகிதி பரீட்ச முடிஞ்சு வந்து எல்லாத்தையும் சொல்லி அழுதா. அவ மேல தப்பில்லன்னா, அன்னைக்கு மருந்து ஊத்த கை ஏன் வரல? நீயும் படிச்சவதானே, சொல்லு.”

எனக்கு அந்தக் கிழவியை அறைய வேண்டும் போலிருந்தது. பயந்த பெண் தயங்கினால் அதையும் குற்றத்துக்குச் சாட்சியாக்குகிற வாய் அது. நான் பதில் சொல்வதற்குள் ஜெயசித்ரா காப்பியோடு வெளியே வந்தாள். அவளே சொல்லட்டும் என்று இருந்தேன். டம்ளரை என் கையில் கொடுத்தாள்.

“அத்த சொல்லுதது சரிதான்” என்றாள்.