விரலுக்குத்தான் தைரியம்

"கொஞ்சம் நேராப் பாருங்க. மூக்குல அழுத்துதுங்களா?"

கேட்கப்பட்டவருக்கு ஆறு வயது இருக்கும். கண்ணாடிக் கடைக்காரருக்கு அதெல்லாம் கணக்கில்லை. வாசலில் படுத்திருக்கும் நாயிடம்கூட "சித்த நகந்துக்குங்க" என்பார். பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் எனக்கே கூச்சமாக இருக்கும். தெருவில் அவருக்குப் பெயர் 'வாங்க போங்க'.

கூட்டம் குறைந்ததும் போனை எடுப்பார். அதன் பிறகு வேறு ஆள். முகப்புப் படத்தில் சிங்கம். முன்பின் தெரியாதவர்களை எல்லாம் "நீ யார்றா கேக்க? போடா புண்ணாக்கு" என்று வெளுத்து வாங்கிவிட்டு எனக்கு வாசித்துக் காட்டுவார். வாசிக்கும்போது அந்த 'டா' மட்டும் தொண்டையிலேயே நின்றுவிடும். "நேர்ல வாய் வரமாட்டேங்குதுங்க. விரலுக்குத்தான் தைரியம்." நாளெல்லாம் குனிந்து நிற்கிற மனிதர், எங்கேயாவது நிமிர வேண்டாமா என்று நானும் சிரித்துக்கொள்வேன்.

போன வாரம் அந்த விரல் சொந்த அண்ணன் மேலேயே பாய்ந்துவிட்டது. அப்பா போனபின் இவரைத் தூக்கி வளர்த்த அண்ணன். கண்ணில் தேன் விட்டால் கண்ணாடியே தேவையில்லை என்று எதையோ குடும்பக் குரூப்பில் அனுப்பியிருந்தார். தொழிலிலேயே கை வைத்தால் பொறுக்குமா? "உனக்கு அறிவிருக்கா? நீயெல்லாம் ஒரு அண்ணனா?" என்று இவர் எழுதிவிட்டார். பதிலே இல்லை. அழிக்கலாம் என்று புத்தி வந்தபோது அதற்கான கெடு தாண்டியிருந்தது. அன்றிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

நேற்று நான் அங்கே பேசிக்கொண்டிருந்தபோது அண்ணனே வந்துவிட்டார், காதுக்கம்பி கழன்ற கண்ணாடியோடு.

"வாங்கண்ணே. உக்காருங்கண்ணே."

"ஒரு வாரமா போன்ல ஒரு எழுத்து தெரியலடா. கண்ணாடிப் படம் போட்டு என்னமோ வந்துச்சு, உன் தொழிலாச்சேன்னு படிக்காமலே உங்களுக்கெல்லாம் அனுப்பிட்டேன். நீ ஏதோ பதில் போட்டிருக்கியாமே? கேட்டா யாரும் படிச்சுச் சொல்ல மாட்டேங்குறாங்க. மாட்டிக் குடு, இங்கயே பாத்துடுறேன்."

எனக்குக் கடைக்காரரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. குட்டி ஸ்க்ரூ இரண்டு முறை கையிலிருந்து விழுந்தது. ஒருவழியாக முடுக்கினார். கண்ணாடியைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

"என்னடா, ஆச்சா?"

"ஆச்சுண்ணே."

நீட்டினார். அண்ணன் ஒரு காதுக்கம்பியைப் பிடித்து இழுத்தார். இன்னொரு கம்பியை இவர் விடவில்லை.