ஒரு கோப்பைக்கு மேல்

ஸ்டெய்ன்ஸ் ஊர்ப் பேரங்காடியில் கல்லாவில் உட்காரும் பெண்கள் எல்லோருக்கும் டெஸ்மண்ட் ஓல்ராய்டைத் தெரியும். தள்ளுவண்டி நிறையச் சர்க்கரைப் பாகு டின்கள், அவற்றின் மேல் ஷேவிங் நுரை டப்பாக்கள். அதைத் தவிர வேறெதையும் அவன் வாங்கி அவர்கள் பார்த்ததில்லை. ஒருநாள் ஒருத்தி பொறுக்க முடியாமல் கேட்டே விட்டாள்: "கேக் சுடுறீங்களா, இல்ல ஊருக்கெல்லாம் தாடி வழிச்சு விடுறீங்களா? ஏதாவது ஒண்ணு சொல்லிடுங்க."

"ரத்தம் செய்யறேன்" என்றான் டெஸ். அவள் சில்லறையை அவன் கையில் படாமல் வைத்தாள்.

பொய்யில்லை. பாகும் சாயமும் சேர்ந்தால் சினிமா ரத்தம். அந்தச் சாயம் நடிகர்களின் தோலில் பிடித்துக்கொண்டால் தண்ணீருக்கு அசையாது. ஷேவிங் நுரைக்குத்தான் இறங்கும். தேம்ஸ் கரையோரப் படப்பிடிப்புத் தளங்களில் டெஸ்ஸுக்கு அதுதான் பிழைப்பு. இருபது வயதில் ஹாலிஃபாக்ஸில், உள்ளூர் நாடகக் குழுவில் ஒரு ராஜாவின் சட்டைக்குள் பீட்ரூட் சாறு நிரப்பிய பையை வைத்துத் தைத்தான். வாள் பட்டதும் கூடமே ஒரே மூச்சாக மூச்சை இழுத்தது. அந்தச் சத்தம் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அப்பா பார்த்துவைத்த கம்பளி ஆலை வேலைக்கு அவன் போகவே இல்லை.

தொழிலில் அவனுக்கென்று ஒரு கொள்கை இருந்தது. கொலையைக் காட்டினால் கொலையாகக் காட்ட வேண்டும். ஒரு சொட்டுக்கூட சிந்தாமல் ஆட்கள் அழகாகச் சாகும் படங்கள்தான் ஆபத்தானவை. அவற்றைப் பார்த்துத்தான் ஜனங்கள் சாவை லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். குடித்திருந்தாலும் குடிக்காவிட்டாலும் இதையே சொல்வான். மனதார நம்பவும் செய்தான்.

அதனால்தான் அந்தத் தையல்காரி படம் அவனைத் தேடி வந்தபோது அத்தனை சந்தோஷப்பட்டான். லண்டன் மேடையில் ஆண்டுக்கணக்காக ஓடிய இசை நாடகம் அது. துறைமுகத்துப் பக்கம் ஒரு தையல்காரி. பெண்டாட்டியை அடிக்கிறவர்கள் கோட்டுக்கு அளவு கொடுக்க வந்தால் கத்தரியால் குத்திக் கொன்றுவிடுவாள். மேடையில் ரத்தமே கிடையாது. கத்தரி இறங்கியதும் செத்தவனின் கழுத்துப்பட்டியிலிருந்து சிவப்பு ரிப்பன் வரும். அவள் அதைப் பாடிக்கொண்டே நூல்கட்டையில் சுற்றுவாள். நாடகம் முடிந்து போகிறவர்கள் வாசலில் அந்த ரிப்பனை ஞாபகத்துக்கு வாங்கிக்கொண்டு போவார்கள். தையல்காரியாக மேடையில் பாடிய ரொவீனா டான்ஸ்லியே படத்திலும் பாடினாள். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தாள். சினிமாவில் இவ்வளவு பெரிய வேடம் அவளுக்கு இதுதான் முதல்.

எவ்வளவு ரத்தம் என்று முடிவு செய்ய ஒரு கூட்டம் போட்டார்கள். பணம் போட்டவர்களுக்குப் பதினைந்து வயதுப் பிள்ளைகளையும் தியேட்டருக்குள் விடும்படி படம் இருக்க வேண்டும். இயக்குநர் காலம் ரிட்ஸ்டேல், முப்பதைத் தாண்டாதவன், எல்லோரையும் பேச விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். ரிப்பனை வைத்து மூடினால் கொலைகாரிக்கு அலங்காரம் செய்வதாகிவிடும், மேடையில் அது சரி, கேமரா அருகில் போனால் ஏமாற்று வேலை என்று டெஸ் வாதாடினான். ரொவீனா அமைதியாக மறுத்தாள். கண்ணுக்கு நிறைய வேலை கொடுத்துவிட்டால் காது பாட்டைக் கேட்காது, இந்தக் கதையில் அவள் என்ன செய்தாள் என்பது பாட்டில்தான் இருக்கிறது என்றாள். டெஸ் விடவில்லை. மூன்றாவது முறையும் தொடங்கினான்.

"டெஸ் கண்ணு," என்றாள் ரொவீனா, "குழந்தை கையில ஜாம் பாட்டிலைக் கொடுத்தா பிரட்டுல மட்டுமா தடவும்?"

அறையே சிரித்தது. டெஸ்ஸும் சிரித்தான். அவன் காது மட்டும் வெகுநேரம் சுட்டது.

ஒரு கொலைக்கு ஒரு கோப்பை என்று முடிவாயிற்று. கடைசிக் கொலைக்கும் அதுதான் அளவு. அதில் தையல்காரி தான் வளர்த்த தம்பியையே கொல்கிறாள். ரத்தம் அவள் கைகளிலும் அவன் சட்டையிலும் மட்டும் படும், முகத்தில் படக்கூடாது. பாட்டை முன்பே பதிவு செய்து வாயசைக்கிற படமில்லை இது. அங்கேயே, அப்போதே பாடுவதைப் பதிவு செய்தார்கள். வாய்க்குள் பாகு போனால் சுரம் போய்விடும்.

இந்தத் தொழிலில் எழுதி வைக்காத ஒரு முறை உண்டு. ரத்தம் பாயும் காட்சிக்கு முன்னால் ரத்தக்காரன் நடிகரின் எதிரே நின்று வெறும் தண்ணீரை விட்டுக் காட்ட வேண்டும். எங்கிருந்து வரும், எவ்வளவு வரும், எந்த வார்த்தையில் வரும் என்று சொல்ல வேண்டும். நடிகர் 'சரி' என்று சொன்ன பிறகுதான் கேமரா ஓடும். அந்த 'சரி'க்குப் பிறகு குழாயை யாரும் தொட மாட்டார்கள். எவ்வளவு பெரிய நடிகர் முறைத்தாலும், எவ்வளவு நேரம் வீணானாலும் டெஸ் இந்த முறையை ஒருநாளும் மீறியதில்லை.

கடைசிக் கொலையை எடுத்த அன்றும் ஒரு கோப்பைத் தண்ணீரை விட்டுக் காட்டினான். ரொவீனா உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு, "சரி" என்றாள். டெஸ் பலகைச் சுவருக்குப் பின்னால் போனான். தம்பியின் சட்டைக்குள் குழாய் விட்டிருந்த பம்பின் பக்கத்தில் குந்தினான். பிறகு திருகைத் திறந்து விட்டான், சொன்ன அளவைத் தாண்டி, வெகுதூரம்.

யாரும் சொல்லவில்லை. படத்துக்காகத்தான் என்று பிற்பாடு அவன் தனக்குத்தானே பலவிதமாகச் சொல்லிப் பார்த்தான். ஆனால் அந்த நிமிஷம் அவன் தலைக்குள் ஓடியது கூட்டத்தில் எழுந்த சிரிப்பு. உள்ளபடி அவ்வளவுதான்.

கத்தரி இறங்கியது. ரத்தம் ரொவீனாவின் முகத்தில் அடித்தது, கண்ணில், திறந்திருந்த வாய்க்குள். பாட்டு பாதிச் சொல்லில் அறுந்தது. அவள் கண்கள் தம்பியாக நடித்தவனைப் பார்க்கவில்லை. சுவரைத் தேடின, டெஸ் இருந்த இடத்தை. ஒரு மிடறு விழுங்கினாள். பிறகு விட்ட இடத்திலிருந்து பிடித்து, நடுங்கும் குரலில் கடைசி வரி வரை பாடி முடித்தாள். காலம் அதுவரை 'கட்' சொல்லவில்லை. சொன்னதும் தளம் முழுக்கக் கைதட்டல்.

"டெஸ், என்ன ஆச்சு?" என்று காலம் கத்தினான். குரலில் கோபமே இல்லை. பரிசு விழுந்தவனின் குரல்.

"குழாய்ல அடைப்பு, தலைவரே. திடீர்னு விட்டுடுச்சு" என்றான் டெஸ்.

சாப்பாட்டுக்குப் பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று, ஒரு கோப்பை அளவில் இன்னொரு டேக் எடுக்க வேண்டும். அதற்கு முன் ரொவீனாவின் முகத்துச் சாயத்தை எடுக்க வேண்டும். அது டெஸ்ஸின் வேலை. ஒப்பனை நாற்காலியில் அவள் கண்களை மூடிச் சாய்ந்திருக்க, அவன் நுரையை அவள் கன்னத்தில் தடவித் துணியால் வழித்தான். அவள் இமையோரத்தில் பாகு உறைந்திருந்தது.

"அடைப்பா?" என்றாள் கண்ணைத் திறக்காமல்.

"ஆமா."

ஒலிப்பதிவுக்காரர் கதவருகே எட்டிப் பார்த்து, ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டார். "குழாய்க் கோளாறுப்பா. யார் மேலயும் தப்பில்ல" என்றாள் ரொவீனா. அவர் போனதும் கண்ணைத் திறந்து கண்ணாடி வழியே டெஸ்ஸைப் பார்த்தாள்.

"என்கிட்ட சொல்லியிருந்தா நடிச்சிருப்பேன், டெஸ். அதுதானே என் வேலை."

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் திறந்தது. "நுரை கண்ணுல படுதா?" என்று கேட்டான்.

"படல" என்றாள் அவள்.

சில மாதங்கள் கழித்து ரெடிங் நகரத்து தியேட்டர் ஒன்றில், முன்பின் தெரியாத ஜனங்களைக் கூட்டிப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். அந்த இடம் வந்ததும் கூடமே ஒரே மூச்சாக மூச்சை இழுத்தது. டெஸ் இருட்டில் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். எந்தக் காட்சி பிடித்தது என்று கேட்டதற்கு ஏறக்குறைய எல்லோரும் அதையே எழுதிக் கொடுத்தார்கள்.

படம் முடிந்து எதிரே இருந்த மதுக்கடைக்குப் போனார்கள். காலம் டெஸ்ஸின் தோளில் கைபோட்டுப் பணம் போட்டவர்களிடம் இழுத்துப் போனான். "அந்த அடைப்புக் கதையைச் சொல்லுங்க டெஸ்." டெஸ் சொன்னான். வேறொரு கூட்டம் வந்தது, அவர்களுக்கும் சொன்னான். சொல்லச் சொல்லக் கதை தேறியது. திருகு கையோடு வந்துவிட்டது என்றான். துண்டை எடுத்துக்கொண்டு நான்தான் முதலில் அவங்ககிட்ட ஓடினேன் என்றான். எல்லோரும் சிரித்தார்கள். திரும்பினால் ரொவீனா கையில் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தாள். முழுக் கதையையும் கேட்டிருக்கிறாள். மற்றவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, அவனுக்காக, அவளும் கொஞ்சம் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு அவனுக்கு நெஞ்சில் சிக்கிக்கொண்டது. மேல்கோட்டை மறந்துவிட்டு வெளியே வந்து ரயில் நிலையம் வரை மழையில் நடந்தான்.

மறுநாள் காலையில் லண்டன் ஸோஹோவில் இருந்த எடிட்டிங் அறைக்குப் போனான். காலமும் எடிட்டர் சுனிவாவும் இருந்தார்கள். நின்றபடியே சொன்னான். அடைப்பு எதுவும் இல்லை, தண்ணீரைக் காட்டி ரொவீனாவிடம் 'சரி' வாங்கிய பிறகு தான்தான் திறந்தது, அந்த டேக்கை எடுத்துவிட வேண்டும்.

காலம் நாற்காலியை மெல்லத் திருப்பினான். "சினிமான்னா ரத்தம் வேணும்னு மேசையைத் தட்டினது நீங்கதானே?"

"நான்தான்."

"கிடைச்சிருக்கு. ஜனங்களுக்கும் பிடிச்சிருக்கு. ரொவீனாகிட்டயும் கேட்டேன். அவங்க வேண்டாம்னு சொல்லலையே."

"எப்படிச் சொல்லுவாங்க? வேண்டாம்னா ஏன்னு நீங்க கேப்பீங்க. காரணம் சொன்னா என் பிழைப்பு போயிடும். அதான் சொல்லல."

சுனிவா படத்தை நிறுத்தி வைத்திருந்தாள். திரையில் ரொவீனாவின் முகம், சிவப்பு வழிய, கண்கள் ஓரமாகச் சுவரை நோக்கி. மூவரும் அதைப் பார்த்தார்கள்.

"அது தையல்காரி இல்ல" என்றான் டெஸ். "நம்பின ஒருத்தன் இப்படிப் பண்ணிட்டானேன்னு ஒரு பொம்பள முழிக்கிறா. அதைப் போய் டிக்கெட் போட்டுக் காட்டப் போறோம்."

காலம் போனை எடுத்து ரொவீனாவைக் கூப்பிட்டான். டெஸ் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், இப்போது மறுபடி கேட்கிறேன் என்று மட்டும் சொன்னான். "இப்போ கேட்டா, வேண்டாம்" என்ற அவள் குரல் அறை முழுக்கக் கேட்டது.

சுனிவா அடுத்த டேக்கைப் போட்டாள். ஒரு கோப்பை. சட்டையில் ஒரு கறை பரவியது, ரொவீனாவின் விரல்களுக்கிடையே கொஞ்சம் கசிந்தது, அவ்வளவுதான். அதைப் பார்த்து யாரும் மூச்சை இழுக்க மாட்டார்கள். ஆனால் டெஸ் அந்தப் பாட்டின் வார்த்தைகளை அன்றுதான் முதல்முறையாக முழுசாகக் கேட்டான். தையல்காரி தம்பியிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அவனுக்குச் சின்ன வயதில் தைத்துக் கொடுத்த சட்டைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இத்தனை ஒத்திகை நடந்தும் அவன் கவனம் எந்த வார்த்தையில் திருகைத் திறக்க வேண்டும் என்பதில்தான் இருந்திருக்கிறது.

"இதையே வச்சுடு" என்றான் காலம் சுனிவாவிடம். பிறகு, குரலை உயர்த்தாமல், "அடுத்த படத்துக்கு நான் வேற ஆளைப் பாத்துக்கறேன், டெஸ்."

"சரி" என்றான் டெஸ்.

தெருவுக்கு வந்ததும் ரொவீனாவுக்குப் போன் போட்டான். உள்ளே இருவரிடமும் சொன்னதை அவளிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.

"அடைப்பு எதுவும் இல்ல, ரொவீனா. நான்தான் திறந்தேன். கூட்டத்துல எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிச்சுட்டாங்கன்னு."

"திறந்தது தெரியும்" என்றாள். "எதுக்குன்னுதான் தெரியல. அந்த ஜாமுக்கா?"

"ஆமா."

மறுமுனையில் பியானோவை யாரோ தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டெஸ் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தான்.

"இதைச் சொன்னதுக்கு நான் நன்றி சொல்வேன்னு காத்துக்கிட்டிருக்கியா, டெஸ்?"

"இல்ல" என்றான்.

காத்துக்கொண்டுதான் இருந்தான். அவன் சொன்ன விதத்திலிருந்தே அது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வேலை இருக்கிறது என்று போனை வைத்துவிட்டாள். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கிளம்பிய கூட்டம் தெருவை நிறைத்தது. கடை வாசலை மறித்து நிற்கிறோம் என்பதே அவனுக்குத் தெரியவில்லை. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று ஒரு பெண் சொன்னபோது, தேவைக்கு மேலாக இரண்டு முறை மன்னிப்புக் கேட்டுவிட்டு நகர்ந்தான்.