செவ்வரளிக்கு நான் வைத்த அர்த்தம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். மாரியாத்தாவின் வாக்கைப் பற்றி எட்டாவது படித்தவன் என்ன எழுதுவது என்ற பயம். அவள் பொறுத்துக்கொள்வாள் என்று நம்பி எழுதுகிறேன்.

என் மூத்த மகள் கீரனூரிலிருந்து திருச்சிக்குப் பஸ்ஸில் போய் வந்து பி.யு.சி. முடித்தாள். அணுவுக்குள் நடப்பதைக் கருவி எதுவும் இல்லாமல், தாளில் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கிற படிப்பு ஒன்று மேலே இருக்கிறதாம். அதற்குத்தான் போவேன் என்றாள். அதற்கு பி.எஸ்ஸி.யில் எதை எடுப்பது? பௌதிக டீச்சர் பௌதிகம் என்றார். கணக்கு கைவசம் இல்லாமல் அந்தப் பக்கமே போக முடியாது, கணிதம் எடு என்றார் கணித டீச்சர். அவளுக்கு இரண்டுமே சரியாகப் பட்டன.

“நீங்க சொல்லுங்கப்பா. அதையே எடுக்குறேன்.”

கண்மாய்த் தண்ணீர் எந்த மடைக்கு எப்போது வரும் என்றால் சொல்வேன். இதற்கு என்ன சொல்ல?

பெண் கொடுப்பதோ கிணறு வெட்டுவதோ, எங்கள் வீட்டில் மாரியம்மன் கோயிலில் பூக்கேட்டுத்தான் செய்வோம். வெள்ளை அரளியையும் செவ்வரளியையும் தனித்தனி இலையில் மடித்து ஆத்தா காலடியில் வைப்பார்கள். நினைத்ததை வாய்விட்டுச் சொல்லாமல் ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் இல்லை. ஒரு காரியத்துக்கு ஒரு தடவைதான் கேட்கலாம்.

நான் அன்று வேறு விதமாக நினைத்துக்கொண்டேன். வெள்ளை கணிதம், சிவப்பு பௌதிகம். எடுத்துப் பிரித்தால் செவ்வரளி. மனசு நிறைந்து கும்பிட்டேன்.

பக்கத்தில் நின்ற என் அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். “செவப்பு வந்துருச்சே தம்பி! படிச்சது போதும்னுட்டா ஆத்தா.”

“இல்லக்கா. படிக்கலாமான்னு கேக்கல, எதப் படிக்கன்னு கேட்டேன். செவப்புன்னா பௌதிகம்.”

“பூவப் பாத்துட்டு அர்த்தத்த மாத்துறியா? மகளுக்காக ஆத்தாகிட்டயே வக்கீல் வேல பாக்குறியே!”

பூசாரியைப் பார்த்தேன். “நீங்க மனசுல நெனச்சது எனக்கு எப்புடிங்க தெரியும்?” என்றார்.

வீட்டுக்கு வருவதற்குள் சேதி வந்துவிட்டது. “நீங்க சொல்றது நெசமாவே இருக்கட்டுங்க. நாளைக்கு அவளுக்கு ஒண்ணுன்னா ஊரு என்னையத்தான் கேக்கும். நான் அனுப்ப மாட்டேன்” என்று என் மனைவி அழுதாள். அதட்டி அனுப்பியிருக்கலாமே என்பீர்கள். ஆத்தா பெயரைச் சொன்ன பிறகு எங்கள் தெருவில் அதட்டல் எடுபடாது. ஆளாளுக்குக் கேட்கக் கேட்க, நான் நினைத்தது பௌதிகம்தானா என்று எனக்கே நடுக்கம் வந்துவிட்டது.

மகளும் கேட்டாள். “எடுக்கும்போது பௌதிகம்னுதான் நெனச்சீங்களாப்பா?”

“ஆத்தா சத்தியமா.”

“அப்ப அவ குடுத்துட்டா. நமக்குத்தான் வாங்கிக்க முடியல.” கல்லூரி திறந்தது; அவளை அனுப்பவில்லை. தை மாதம் அவளை அறந்தாங்கியில் கட்டிக்கொடுத்தோம்.

இப்போது எங்கள் பக்கத்தில் இதை, ஆத்தா படிப்பைத் தடுத்த கதையாகச் சொல்லி, மற்றப் பெண்பிள்ளைகளையும் நிறுத்துகிறார்கள். காதால் கேட்க முடியவில்லை. இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், ஆனால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். நான் கேட்டது கணிதமா பௌதிகமா என்றுதான். ஆத்தா பௌதிகம் என்றாள்.