பல் டாக்டர் படிப்புக்குக் கேட்ட நாலாம் வகுப்பு

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். மண்வெட்டி பிடித்தே பழகிய விரல்களில் பேனா நிற்க மாட்டேன் என்கிறது. எந்த இடத்தில் எந்த ‘ர’ வரும் என்பது எழுதும்போது எனக்கு நிச்சயமில்லை. பிழைகளைத் திருத்தித் தருவதாக மகள் சொல்லியிருக்கிறாள். வரிகள் கோணலாகப் போவதற்கு அவளாலும் ஒன்றும் செய்ய முடியாது.

எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உண்டு. சிப்பிகாட்டில் பஸ் நிற்கும் இடத்தில் யாராவது என்னைப் பிடித்துக்கொண்டு, உங்கள் பெண் பல் டாக்டர் படிப்புக்கு மனுப் போட்டாளாமே, அதற்கு என்னென்ன வேண்டும் என்று கேட்கிறார்கள். நின்று விவரமாகப் பேச எனக்கு வராது. நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே வாய் காய்ந்துவிடும். அதனால் தெரிந்ததை எழுதி வைத்துவிடலாம், கேட்பவர்கள் வாசித்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன்.

ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ரோடு வேலைக்கு ஆள் எடுத்தபோது கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்தவன் நான். பிறகு இங்கே அரசாங்கப் பண்ணையில் மஸ்தூராக, அதாவது கூலியாளாகச் சேர்ந்தேன். தென்னைக்குக் குழி எடுப்பது, நாற்றுக்கு நிழல் கட்டுவது, மழை விட்டதும் களை பிடுங்குவது, இதுதான் இத்தனை வருஷமும். ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டு மனைவியைக் கூட்டி வந்தேன். மகள் இங்கேதான் பிறந்தாள்.

பல் டாக்டர் படிப்பு என்று ஒன்று இருப்பதே அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பதினோராம் வகுப்பு முடித்து, போர்ட் பிளேர் கல்லூரியில் பட்டப்படிப்புக்கு முந்திய ஒரு வருஷப் படிப்பில் இருந்தாள். மெயின்லேண்டில் உள்ள கல்லூரிகளில் தீவுப் பிள்ளைகளுக்கென்று சில இடங்கள் ஒதுக்குகிறார்கள், அதில் பல் படிப்புக்கும் ஒன்று உண்டு என்று ஒருநாள் சோறு போடும்போது சொன்னாள். டாக்டர் படிப்புக்குத் தன் மார்க் போதாது, பல்லுக்குப் போதும் என்றாள். அடுத்த வீட்டு வங்காளி அம்மாள் இதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் என்னுடைய மிச்சப் பற்களை உனக்காகப் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று சிரித்தாள். வெற்றிலை போட்டுப் போட்டு அவள் வாயில் மிச்சம் இருந்தது கொஞ்சம்தான்.

கேட்டவை இவை. பௌதிகம், ரசாயனம், உயிரியல் மூன்றும் சேர்த்துப் பாதிக்குக் குறையாமல் மார்க் இருக்க வேண்டும். இங்கிலீஷில் தேறியிருக்க வேண்டும். அந்த வருஷக் கடைசிக்குள் பதினேழு வயது முடிந்திருக்க வேண்டும். படித்து முடித்தபின் தீவுக்கே திரும்பி வந்து வேலை பார்ப்பேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு ஜாமீன் நிற்க அரசாங்க வேலையில் உள்ள இரண்டு பேர் வேண்டும். தகப்பன் தீவில் நெடுங்காலம் குடியிருப்பவன் என்று தாசில் ஆபீசில் சர்டிபிகேட் வாங்க வேண்டும். பிள்ளையும் முதல் வகுப்பிலிருந்து இடைவிடாமல் தீவுப் பள்ளிகளிலேயே படித்திருக்க வேண்டும்.

மார்க்கு அவள் வேலை. அதை அவள் செய்துவிட்டாள். மற்றதெல்லாம் என் வேலை. பண்ணை முடிந்து போர்ட் பிளேர் போனால் ஆபீஸ் மூடியிருக்கும். ஆபீஸ் திறந்திருக்கும் நேரம் போக லீவு எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் மேஸ்திரி மலையாளி, நல்ல மனிதர்தான். ஆனால் ஒவ்வொரு முறை நான் போய் நிற்கும்போதும் வாயைத் திறந்து கடைவாய்ப் பல்லைக் காட்டி, இதைப் பிடுங்கிவிட்டுப் போ, லீவு தருகிறேன் என்பார். முதல்முறை எனக்கும் சிரிப்பு வந்தது.

தாசில் ஆபீஸ் காரியத்துக்காக, ஊர்க் கணக்குப் பார்க்கும் பட்வாரி எங்கள் வீட்டுக்கு விசாரிக்க வந்தார். இவர்கள் எத்தனை காலமாக இங்கே இருக்கிறார்கள் என்று வங்காளி அம்மாளிடம் கேட்டார். நீ அரை டிரவுசர் போடுவதற்கு முன்னாலிருந்து இருக்கிறார்கள், வேறென்ன தெரிய வேண்டும் என்று அவள் இந்தியில் திருப்பிக் கேட்டாள். பட்வாரி எழுதிக்கொண்டு போனார். சர்டிபிகேட் கிடைத்தது. பண்ணையில் இரண்டு பேர் ஜாமீன் நிற்க ஒத்துக்கொண்டார்கள். எல்லாம் சேர்த்து, கல்வி ஆபீசில் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

அங்கே வாங்கிப் பார்த்த கிளார்க் திருநெல்வேலிக்காரர். காகிதங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

“அண்ணாச்சி, எல்லாம் இருக்கு. நாலாம் கிளாஸ் எங்க?”

நாலாம் வகுப்பை அவள் எங்கள் ஊரில் படித்தாள். அதைச் சொல்லியாக வேண்டும்.

அவள் மூன்றாம் வகுப்பு முடித்த கோடையில், மச்சினியின் கல்யாணத்துக்காக மூன்று பேரும் கப்பலில் ஊருக்குப் போனோம். கல்யாணம் முடிந்தது. என் லீவும் முடிந்தது. திரும்பி வர டிக்கெட் எடுத்திருந்த சமயத்தில் அவளுக்கு அம்மை போட்டுவிட்டது. லேசானதில்லை, பெரிய அம்மை. வாசலில் வேப்பிலை கட்டினார்கள். வேலை போய்விடும் என்று அவர்களை விட்டுவிட்டு நான் மட்டும் கப்பலேறினேன். அந்தப் பயணத்தில் எனக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. பிள்ளை இருக்கிறாளா இல்லையா என்பது அடுத்த கப்பலில் தபால் வந்தால்தான் தெரியும்.

பிழைத்துவிட்டாள் என்று தபால் வந்தது. கூடவே இன்னொன்றும் எழுதியிருந்தது. பிள்ளை கண் திறக்காமல் கிடந்தபோது என் மனைவி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறாள். பங்குனித் திருவிழாவில் பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு தீச்சட்டி எடுப்பதாகவும், அதை முடிக்காமல் கடல் தாண்டுவதில்லை என்றும் நேர்ச்சை. பங்குனி போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. அடுத்த பங்குனி வரை அவர்கள் ஊரிலேயே இருந்தார்கள். வருஷம் வீணாக வேண்டாமென்று மச்சினன் அவளை அங்குள்ள பள்ளியில் நாலாம் வகுப்பில் சேர்த்துவிட்டான். நாங்கள் யாரும் அதைத் தப்பென்று நினைக்கவில்லை. நான் இங்கே தனியாகக் கஞ்சி வைத்துக் குடித்தேன், அவ்வளவுதான்.

கிளார்க்கிடம் இதை அரைகுறையாகச் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

“சாப்கிட்ட இந்தக் கதையெல்லாம் சொல்லாதீக. கப்பல் கெடைக்கலன்னு சொல்லுங்க. அந்தக் காலத்துல கப்பல் நெலவரம் எல்லாருக்கும் தெரியும். கப்பல் இல்லாம நின்னு போச்சுன்னா அவரு விதியத் தளர்த்தி எழுத வழி இருக்கு.”

அதிகாரியைப் பார்க்க வேறொரு நாள் வரச் சொன்னார்கள். மறுபடி லீவு. கப்பல் கிடைக்கவில்லை என்பதை இந்தியில் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். மகளும் கூட வந்தாள். பெஞ்சில் வெகுநேரம் உட்கார வைத்தார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்து கூப்பிட்டார்கள்.

அதிகாரி வடநாட்டுக்காரர், என் வயதுதான் இருக்கும். தலையை நிமிர்த்தாமலே, நாலாவது வகுப்பை ஏன் மெயின்லேண்டில் படித்தாள் என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். சொல்லிப் பார்த்து வைத்திருந்த ஒரு சொல்லும் வரவில்லை. மகள்தான், உடம்பு சரியில்லாமல் இருந்தேன் என்றாள். இந்தி அவளுக்கு இந்த ஊர்ப் பிள்ளைகளைப் போலவே வரும். என்ன உடம்பு என்றார் அவர். அம்மையை வடநாட்டுக்காரர்கள் சொல்வது போலவே, “மாதா வந்துச்சு, சாப்” என்றாள்.

அப்போதுதான் அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். மூக்கின் மேலும் கன்னத்திலும் குழி குழியாக இருக்கும். அவள் அம்மா வெளியே அனுப்பும்போதெல்லாம் கூடுதலாகப் பவுடர் பூசி அனுப்புவாள். காலையில் பூசியது அந்நேரம் வியர்வையில் போயிருந்தது. அவள் தலை குனியவில்லை.

டாக்டர் சர்டிபிகேட் இருக்கிறதா என்று கேட்டார். அம்மைக்கு எங்களில் டாக்டரைக் கூப்பிடுவதில்லை என்று நான் எப்படியோ சொல்லிவிட்டேன். அவர் தலையை ஆட்டினார். தங்கள் வீட்டிலும் அப்படித்தான், தன் தம்பிக்கு வந்தபோது தாயார் வைத்தியரை வாசற்படி ஏறவிடவில்லை என்றார். பிறகு, அம்மை இறங்கின பிறகு ஏன் திரும்பவில்லை, கப்பல் இல்லையா என்று அவரே கேட்டார்.

நான் மகளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

“கப்பல் இருந்துச்சு, சாப். அம்மா சாமிக்கு நேர்ந்திருந்தாங்க. அதை முடிக்காம கடல் தாண்டக் கூடாது.”

அவர் பேனாவை மூடி வைத்தார். அவர் இந்தியில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

“எனக்குப் புரியுது, மகளே. ஆனா ஃபைல்ல நான் என்ன எழுதறது? மாதா வந்து கையெழுத்துப் போட மாட்டாளே.”

வேடிக்கைக்காக அவர் சொல்லவில்லை. மேலே அனுப்பிக் கேட்கிறேன், நம்பிக்கை வைத்துவிடாதீர்கள் என்றும் சொன்னார்.

வெளியே வந்ததும் கிளார்க் தலையில் அடித்துக்கொண்டார். கப்பல் என்ற ஒரு வார்த்தையில் முடிந்திருக்க வேண்டியது என்றார். மகள் அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு நடந்தாள். தெரு முனைக்கு வந்தபிறகு என்னிடம் மட்டும் சொன்னாள்.

“அம்மா சட்டி எடுத்தப்போ கை கொப்பளிச்சுப் போச்சுப்பா. நான் பக்கத்துலதான் நின்னேன். அதைப் போயி கப்பல் இல்லன்னு சொல்லச் சொல்றாரு.”

பதில் வர மழைக்காலம் பாதி ஆகிவிட்டது. இங்கிலீஷில் வந்தது. அவளே வாசித்து, அவளே தமிழில் சொன்னாள். விதியில் இடமில்லை என்று இருந்தது. அந்த இடம் வேறொரு தீவிலிருந்து மனுப் போட்ட பையனுக்குப் போனதாகப் பிறகு கேள்விப்பட்டோம். அவன் முதல் வகுப்பிலிருந்து இங்கேயே படித்தவன். அவன் மேல் எங்களுக்கு ஒன்றும் இல்லை.

மனைவி அடுப்படியில் இருந்தாள். நான் போய்ச் சொன்னேன். அவள் உலையைக் கிளறிக்கொண்டே இருந்தாள். என்ன காரணம் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டாள். நாலாம் வகுப்பு என்றேன். அதற்குமேல் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

“அவ உசுரோட இருக்காள்ல?” என்றாள். எனக்குச் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா தெரியவில்லை.

அதற்குள் மகள் வந்து, போர்ட் பிளேர் கல்லூரியில் பி.எஸ்ஸி. சேர இந்த வாரத்தோடு கடைசி, நாளைக்கு லீவு போட முடியுமா அப்பா என்று கேட்டாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு மேஸ்திரி வீட்டுக்குப் போனேன். விஷயம் அவருக்குத் தெரிந்திருந்தது போல. அன்றைக்கு அவர் பல்லைக் காட்டவில்லை. போய்ட்டு வா என்று மட்டும் சொன்னார்.

இப்போது அவள் பி.எஸ்ஸி. படிக்கிறாள். விலங்கியல். நன்றாகப் படிக்கிறாள் என்கிறார்கள். பல்லைப் பற்றிப் பேசுவதில்லை.

என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். மார்க்கு, வயது, ஜாமீன், குடியிருப்பு எல்லாம் அலைந்தால் கிடைத்துவிடும். ஊருக்குக் கூட்டிப்போன பிள்ளையைப் பள்ளி திறப்பதற்குள் திருப்பிக் கூட்டி வந்துவிடுங்கள். நேர்ச்சை இருந்தால் இங்குள்ள கோயிலிலேயே முடித்துக்கொள்ளலாம், இங்கேயும் அம்மன் இருக்கிறாள்.

இந்தக் கடைசி வரியை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அதை அடித்துவிடச் சொன்னாள். எங்கே நேர்ந்தோமோ அங்கேதான் முடிக்க வேண்டும், பிள்ளையை வைத்துக்கொண்டு விளையாட முடியாது என்றாள். மகளைக் கேட்டேன். அவள் புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமல், உங்க இஷ்டம்ப்பா என்றாள். பேனாவை அந்த வரிக்கு மேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அடிக்கவும் மனசு வரவில்லை, அதுதான் சரியென்று சொல்லவும் எனக்குத் துணிச்சல் இல்லை. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். வாசிப்பவர்கள் தங்கள் வீட்டில் கேட்டுக்கொண்டு செய்யட்டும்.

சிப்பிகாட்,
1979 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை.