வீட்டுக்காரம்மா கொடுத்த வைஃபை

பனியன் கம்பெனியில் நாகஜோதிக்கு வாயாடி என்று பெயர். பெயர் வைத்தவர்களுக்கு விவரம் போதாது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் இரண்டு பேருக்கான பேச்சை ஒருத்தியாகப் பேசி வந்தாள். கணவன் மாதவனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. மளிகைக் கடை, ஆஸ்பத்திரி, ரேஷன் கார்டில் முகவரி மாற்றப் போன அலுவலகம் என்று அவன் போன இடமெல்லாம் கூடவே போய் அவனுக்காகப் பேசினாள். தேனிப் பக்கமிருந்து பிழைக்க வந்து திருப்பூர் வீரபாண்டியில் வீடு பிடித்தபோதும் அவள்தான் பேசினாள். சில நாள் படுக்கப் போகும்போது தாடை வலிக்கிறது என்று ரோஸ்மேரியிடம் சொல்லியிருக்கிறாள். ரோஸ்மேரி பக்கத்து மெஷினில் உட்காருகிறவள், தூத்துக்குடிக்காரி. அவள் அதை வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டாள்.

மாதவன் துணியில் படம் அச்சடிக்கிற பிரிண்டிங் மாஸ்டர். வேலை அவ்வளவு சுத்தம். போன வருஷம் ரத்தினசாமி என்கிற காண்ட்ராக்டர் திருப்பூரிலிருந்து பஞ்சாபிலுள்ள லூதியானாவுக்கு ஆள் கூட்டிப்போனபோது அவனையும் கேட்டார். அங்கேயும் பின்னலாடைத் தொழில்தான். நாகஜோதி வேண்டாம் என்றாள். பாஷை தெரியாத ஊரில் போய் என்ன செய்வாய் என்று கையால் கேட்டாள். எந்த ஊர் பாஷை எனக்குத் தெரியும் என்று அவன் திருப்பிக் கேட்டான். அந்தக் கேள்வியோடு அவன் போய்விட்டான்.

பிள்ளை குட்டி இல்லை. வேலை முடிந்து வந்தால் நாகஜோதிக்கு ஒரு அறை, ஒரு அடுப்படி, ஒரு போன். மாதவனோடு பேச வீடியோ அழைப்பு ஒன்றுதான் வழி. அவர்கள் பேசுவது இருவருமாகச் சேர்ந்து உண்டாக்கிக்கொண்ட கைப்பேச்சு. கொஞ்சம் அவன் பள்ளிக்கூடத்தில் கற்றது, மீதி வீட்டுத் தயாரிப்பு. இரண்டு கையும் வேண்டும் என்பதால் போனை அரிசி டப்பா மேல் சாய்த்து வைத்துவிட்டு எதிரே சம்மணம் போட்டு உட்காருவாள். வீடு காம்பவுண்டின் கடைசியில் இருக்கிறது. பின்னால் நாலு மாடிக் கம்பெனிக் கட்டடம். உள்ளே டவர் எடுக்காது. தெருவில் நின்று பேசலாம்தான். ஆனால் போனைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். தவிர, ஒரு பெண் நடுத்தெருவில் நின்று காற்றில் கையை வீசினால் கூட்டம் கூடிவிடும். ஒருதரம் கூடியும் இருக்கிறது.

அதற்காகத்தான் மாடியில் இருக்கிற வீட்டுக்காரம்மா நஞ்சம்மாள் வைஃபை கொடுத்தார். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் ரித்தீஷ், அம்மா சீரியல் பார்க்கட்டும் என்று போட்டுவிட்டுப் போனது. "சும்மாதான கண்ணு கெடக்குது, நீயும் பாரு," என்று பாஸ்வேர்டை அவரே சொன்னார். வீட்டுக்காரர்கள் தண்ணீருக்கே கணக்குப் பார்க்கிற ஊரில் இது பெரிய மனசுதான். நாகஜோதிக்கு அது மறக்கவில்லை.

பல மாதம் நன்றாக ஓடியது. வெயில் ஏற ஆரம்பித்த பிறகுதான் வம்பு வந்தது. பேசிக்கொண்டே இருக்கும்போது மாதவனின் கை அந்தரத்தில் நிற்கும். திரையில் வட்டம் சுற்றும். பிறகு வைஃபை இல்லை என்று போன் சொல்லும். கொஞ்ச நேரம் கழித்து ஒன்றும் நடக்காததுபோலத் தானே வந்து ஒட்டிக்கொள்ளும். இவள் மறுபடி கூப்பிடுவாள், மறுபடி போகும். முதலில் இருவருமே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் அப்போதுதான் மாதவனுடைய ஒப்பந்தம் முடிகிற நேரம். இன்னும் இரண்டு வருஷம் இருப்பதாகக் கையெழுத்துப் போடுகிறானா, ஊருக்குத் திரும்புகிறானா என்று ரத்தினசாமி கேட்டுக்கொண்டிருந்தார். மாதவன் அதை நாகஜோதியிடம் கேட்டான். கேட்டான் என்பதைவிட, கேட்கப் பார்த்தான் என்பது சரி. என்ன சாப்பிட்டாய், மெஷின் ஓடுதா, ரோஸ்மேரி எப்படி இருக்கிறாள் என்று வழக்கமான விசாரிப்பெல்லாம் முடிந்து அவன் அந்தக் கேள்விக்கு வரும் நேரமும் வைஃபை படுக்கும் நேரமும் ஒன்றாக இருந்தன. திரும்பத் திரும்ப அப்படியே நடந்தது. யாராக இருந்தாலும் சந்தேகம் வரும்.

மாதவனுக்குச் சந்தேகம் சீக்கிரமே வந்தது. அதற்குக் காரணம் உண்டு. சின்ன வயசிலிருந்து அவனோடு பேசிச் சலித்தவர்கள் எல்லாரும் செய்தது ஒன்றுதான்: முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். காது கேட்கிறவனிடம் சண்டை போட்டால் பேச்சு நிற்கும். அவனிடம் முகத்தைத் திருப்பினால் உலகமே நின்றுவிடும். நாகஜோதி ஒருத்திதான் அதைச் செய்யாதவள். இப்போது அவளும் செய்கிறாள் என்று நினைத்தான். நெட் திரும்பி வந்ததும், நெட் போயிருச்சு என்று அவள் டைப் அடித்து அனுப்பினாள். அவன் ஐந்தாவது வரை படித்தவன், எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவான். பதிலுக்கு அவள் பெயருக்குக் கீழே ஆன்லைன் என்று காட்டியதைப் படம் பிடித்து, அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு அனுப்பினான். அதற்குப் பிறகு அவள் கூப்பிட்டால் எடுக்கவில்லை. திங்கட்கிழமை ரத்தினசாமிக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

நாகஜோதி போனைத் திட்டினாள். அதைத்தானே திட்ட முடியும்.

"ஏட்டி, ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தியா?" என்றாள் ரோஸ்மேரி, மெஷினை நிறுத்தாமல்.

"பண்ணிட்டேன்க்கா. ஏரோபிளேன் மோடு போட்டு எடுத்தேன். பாஸ்வேர்டை அழிச்சிட்டு மறுபடி போட்டேன். பத்து நிமிசம் ஒழுங்கா இருக்கு, பெறகு போயிருது."

"அப்ப போன்தான் கெட்டுப் போச்சு. கடையில கொண்டு போய்க் காட்டு."

சனிக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு மெயின் ரோட்டில் போன் ரிப்பேர் பார்க்கிற தீனதயாளன் கடைக்குப் போனாள். தீனதயாளன் முதலில் போனின் சார்ஜர் ஓட்டைக்குள் ஊசியை விட்டு ஒரு பஞ்சுச் சுருளை இழுத்துப் போட்டான். "திருப்பூர்ல எந்த போனக் கிண்டுனாலும் ஒரு தலகாணிக்குப் பஞ்சு கெடைக்குமுங்க," என்றான். பிறகு நெட்வொர்க் செட்டிங்கை எல்லாம் பழையபடி ஆக்கினான். கடை வைஃபையில் இணைத்து ஒரு சமையல் வீடியோவை ஓடவிட்டு, பார்த்துக்கொண்டே உட்காருங்கள் என்று ஸ்டூலைக் காட்டினான். நாகஜோதி, வீடியோவில் ஒரு முழுக் கல்யாண விருந்துக்குச் சமைத்து முடிக்கிற வரைக்கும் பார்த்தாள். ஒருதரம்கூட நிற்கவில்லை.

"போன்ல ஒன்னுமில்லீங்க்கா," என்றான். "ஊட்ல அந்த வைஃபை பொட்டியப் பாருங்க."

அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது. போன் கெட்டிருந்தால் சரிசெய்து வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். வீட்டுக்காரம்மா இனாமாகக் கொடுத்ததைப் போய்க் குறை சொல்ல வேண்டும் என்றால் கூச்சமாக இருந்தது. இருந்தாலும் மாடிப்படி ஏறினாள்.

"எனக்கு நல்லாத்தான ஓடுது கண்ணு," என்றார் நஞ்சம்மாள். அவர் போனை வாங்கிப் பார்த்தபோது விஷயம் தெரிந்தது. மாடியில் டவர் நன்றாக எடுக்கும். வைஃபை போகும்போதெல்லாம் அவர் போன் சத்தமில்லாமல் சொந்த டேட்டாவுக்கு மாறிக்கொள்கிறது. சீரியலில் மாமியார் ஒரு வார்த்தை விடாமல் திட்டிக்கொண்டிருப்பாள்.

"பொட்டி எங்கம்மா இருக்கு?"

"அங்கதான், நீ தெச்சுக் குடுத்த சட்டையப் போட்டுட்டு ஒக்காந்திருக்குது பாரு."

ஹால் மூலையில், ஷெல்ஃபின் மேல், ஊதா நிறத்தில் உட்கார்ந்திருந்தது. நாகஜோதி அதை மறந்தே போயிருந்தாள். திருப்பூரில் தையல் தெரிந்தவர்கள் வீட்டில் எந்தச் சாமானும் அம்மணமாக இருக்காது. மிக்சிக்கு ஒரு உறை, கேஸ் சிலிண்டருக்கு ஒரு உறை, டிவி ரிமோட்டுக்கு ஒரு உறை. கட்டிங்கில் மிஞ்சிய துணி கையில் இருக்கும்போது சும்மா இருக்க முடியாது. காம்பவுண்டின் முன்பக்கத்தை தைத்த பனியனைச் சரிபார்க்கிற ஒரு செக்கிங் யூனிட்டுக்கு வாடகைக்கு விட்டிருப்பதால் பஞ்சு மாடி வரை பறக்கும். பெட்டியில் தூசி அடைகிறது என்று நஞ்சம்மாள் ஒருநாள் சொன்னார். நன்றி காட்ட ஒரு வழி கிடைத்ததே என்று நாகஜோதி அன்றைக்கே அளவெடுத்துக்கொண்டு போய்த் தைத்து வந்தாள். வெளிநாட்டுக் குளிருக்குப் போகிற ஆர்டரில் மிஞ்சிய துணி. உள்பக்கம் கம்பளிபோல் தடியாக இருக்கும். கழுத்துக்கு ரிப் பட்டி வைத்து, கொம்புபோல் நிற்கிற இரண்டு ஆன்டெனாவுக்கும் ஓட்டை விட்டு, ஓட்டையைச் சுற்றிப் பிரியாமல் ஓவர்லாக் அடித்து, காற்றுப் புக இடமில்லாமல் கச்சிதமாகத் தைத்திருந்தாள். தைத்தது மார்கழியில். இப்போது அக்னி நட்சத்திரம்.

உறைக்குள் கையை விட்டாள். அயர்ன் பாக்ஸைத் தொட்டதுபோல் சுட்டது. கையை உதறினாள். யாரையும் திட்ட முடியாத கோபம் ஒன்று இருக்கிறதே, அது வந்தது. எத்தனை நாள் இந்த எழவெடுத்த போனைத் திட்டியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

"கொதிக்குதும்மா. சூடு தாங்காம அதுவா நின்னு நின்னு ஓடுது. உறையைக் கழத்திரட்டுமா?"

நஞ்சம்மாளுக்கு மனசு வரவில்லை. "ஏங்கண்ணு, கழட்டுனா பஞ்சு பூராம் உள்ள போயிருமல்ல? ரித்தீசுகூட வந்தப்ப நல்லாருக்குதுன்னு சொன்னானே."

"தெனம் நானே வந்து தொடைச்சு விட்டுர்றேன்மா."

"நீ தெச்சத நீயே வேண்டாங்கற. செரி, எடுத்துக்க."

நாகஜோதி மாதவனுக்கு எழுதி அனுப்பவில்லை. உறை போட்ட பெட்டியை ஒரு படம் எடுத்தாள், உறையைக் கழற்றிய பெட்டியை ஒன்று, சிவந்த தன் விரல்களை ஒன்று. மூன்றையும் அனுப்பினாள். துணி தெரிந்தவனுக்கு அது போதும். அந்தத் துணியை யார் போடுவார்கள், எங்கே போடுவார்கள் என்று அவனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனே கூப்பிட்டான். எடுத்ததும் பெட்டி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நெற்றி வியர்வையைத் துடைப்பதுபோல் நடித்துக் காட்டினான். நாகஜோதி சிரித்தாள். சாப்பாடு விசாரித்தார்கள், ரோஸ்மேரியை விசாரித்தான். வழக்கமாகப் போகிற நேரம் வந்தது. இருவரும் பேச்சை நிறுத்திக் காத்திருந்தார்கள். வைஃபை போகவில்லை.

அவன் கேட்டான். வரட்டுமா, இருக்கட்டுமா?

பதில் அவளிடம் தயாராக இருந்தது. வா. பல வாரமாகச் சொல்ல வைத்திருந்தது. கை எழவில்லை. இந்த ஒரு வருஷத்தில் அவள் கடைக்குத் தனக்காக மட்டும் போய் வந்தாள். வீட்டுக்கு வந்தால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். அது எவ்வளவு சுகமாக இருந்தது என்று இப்போதுதான் தெரிந்தது. நெட் போனபோதெல்லாம் அழுகையோடு ஒரு நிம்மதியும் இருந்திருக்கிறது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. அவன்மேல் பிரியம் இல்லாமல் இல்லை. களைத்துப் போயிருந்தாள், அவ்வளவுதான்.

மாதவன் திரைக்குக் கிட்டே வந்து உற்றுப் பார்த்தான். உள்ளங்கையை முன்னால் ஆட்டினான். நெட் போச்சா என்று கேட்டான்.

அசையாமல் இருந்தால் போதும், போய்விட்டது என்று அவனே வைத்துக்கொள்வான். நாகஜோதி ஒரு நிமிஷம் அதையும் யோசித்தாள். பிறகு இல்லை என்றாள். நெட் இருக்கிறது, நான்தான் நின்றுவிட்டேன் என்றாள். எல்லாவற்றையும் சொன்னாள். நீ வர வேண்டும், ஆனால் போகிற இடமெல்லாம் உனக்காகப் பேச இனி என்னால் முடியவில்லை என்று சொன்னாள். அவன் முகத்தைத் திருப்பவில்லை, கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்புறம் அவன் சொன்னான். என்னோடு வந்த பையன்கள் பேசுவது இங்கே யாருக்கும் புரியவில்லை. இங்கே இருப்பவர்கள் பேசுவது அவர்களுக்குப் புரியவில்லை. காய் வாங்க, மருந்து வாங்க என்னைத்தான் கூட்டிப்போகிறார்கள். வாயில்லாமல் சாமான் வாங்கத் தெரிந்தவன் எங்கள் அறையில் நான் ஒருத்தன்தான்.

இதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டாள்.

சொல்ல வரும்போதெல்லாம் நீ போய்விட்டாய் என்றான்.

நாகஜோதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வா என்றாள். ரத்தினசாமிக்கு நான் இப்போதே போன் போட்டுப் பேசிவிடுகிறேன் என்று போனை எடுக்கக் கையை நீட்டினாள்.

மாதவன் வேண்டாம் என்று தலையாட்டினான். அவர் பக்கத்து அறையில்தான் இருக்கிறார், நானே சொல்லிக்கொள்கிறேன் என்றான்.

சரி என்று நாகஜோதி நீட்டிய கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.